ஏசி அணைத்து ஓட்டிய கதை

1

இந்தக் கதை அக்காவின் காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு மைலேஜ் போட்டிருந்தது. அதை ஒருதரமாவது சாலையில் எட்டிவிட வேண்டுமென்று அக்கா ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினாள். ஜன்னலையும் திறக்கக் கூடாது, காற்று பிடித்து இழுக்குமாம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். பின்சீட்டில் அத்தான், தன்னை வேகவைத்து எடுக்கத்தான் கட்டிக்கொண்டாளா என்று முனகினார்.

வாகனப் புகைக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் விதி எழுதுகிற அலுவலகத்தில் அவள் அதிகாரி. ஸ்டிக்கர் எப்படிப் பிறக்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? அப்படியும் இந்தக் கிறுக்கு.

2

முதல் தொடக்கம்: நகரத்தின் மேல் புகை ஒரு பெரிய...

(வேண்டாம். புகையில் ஆரம்பித்தால் முடிவதற்குள் யாராவது இருமியாக வேண்டும்.)

இரண்டாவது: சோதனைக்கூடம். கார் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. ஏசி கிடையாது, மூட்டை முடிச்சு கிடையாது, பின்சீட்டில் முனகுகிற ஆள் கிடையாது. அப்படி வருகிற மைலேஜ்தான் ஸ்டிக்கரில் ஏறுகிறது. ஏசியைப் போட்டு, ஆளை ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்ற ஒரே விதிக்காக அக்கா உத்தியோக காலம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறாள்.

நாளை, அந்த விதியும் சேர்ந்த புது வரைவை முடிவுசெய்கிற குழுவின் கூட்டம். குழுத் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அந்த விதியை எடுத்துவிட்டால், புகை வரம்பைக் குறைக்கிற மற்றதெல்லாம் உடனே நிறைவேறும். பிடிவாதம் பிடித்தால் மொத்தமும் கிடப்புக்குப் போய்விடும். மாதக் கடைசியில் அக்காவுக்கு ஓய்வு.

3

ஆகவே எழுதினேன்: அக்கா எழுந்தாள். மேசையை ஓங்கித் தட்டினாள். முடியாது என்றாள்.

(அத்தானை எடுத்துவிட்டேன். அவளுடைய முட்டிவலியையும், தலைவர் அவளுக்குப் பழைய சிநேகிதர் என்பதையும். கதை ஜோராக ஓடியது.)

வாசித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கியபடி கேட்டவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீயும் ஏசிய அணைச்சுட்டுத்தானேடா ஓட்டியிருக்கே?"

எனக்குச் சுருக்கென்றது.

"நான் மேசையெல்லாம் தட்டுற ஆளா? வரம்பு குறைஞ்சா புகை குறையும், அது நிஜம். இத விட்டுட்டா ஸ்டிக்கர் பொய் சொல்லிட்டே இருக்கும், அதுவும் நிஜம். என்ன பண்றதுன்னு தெரியலடா. பயமா இருக்கு. அத எழுது."

தெரியவில்லை என்று அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை.

4

ஒரு முடிவு: விட்டுக்கொடுக்கிறாள்.

இன்னொன்று: விடவில்லை. அவளுக்குப் பின் வருகிறவர் கோப்பைத் திறக்கலாம், திறக்காமலும் போகலாம்.

(மூன்றாவதை அடித்துவிட்டேன். அதில் எல்லோரும் கை தட்டினார்கள்.)

5

விடிந்துவிட்டது. காரை நான் ஓட்டினேன், பின்சீட்டில் அத்தான். அக்கா கையை நீட்டி ஏசியைப் போட்டாள்.

"மைலேஜ் குறையும்க்கா."

"குறையட்டும்."

அலுவலக வாசலில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டேன். நிற்கிற வண்டியை ஓடவிட்டால் கொன்றேவிடுவாள். அத்தானுக்கு வியர்க்கிறது, ஆனால் இன்று அவர் முனகவில்லை.

உள்ளே அவள் சொல்லப்போவதை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். எந்தப் பக்கம் சொல்ல வைத்தாலும் சரி, முட்டிவலியையும் பயத்தையும் எங்கள் அத்தானையும் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.