யார் அடித்த விசில்?

திருக்கனூர் மைதானத்தில் அன்றைக்கு பிரவீணா பாட்டை நிறுத்தியது ஒரே ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சுக்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு இருக்கிறதே, அதைச் சுவரொட்டியாக அடித்தால் பாகூர் முதல் வில்லியனூர் வரை ஒட்டலாம்.

நடந்தது இதுதான். பெண்கள் கபடி, இறுதி ஆட்டம். மூர்த்திக்குப்பம் அணி ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தது. கடைசி ரெய்டு. பாடிப் போனவள் பிரவீணா. எதிர்ப்பக்கம் ஒருத்தியைக் கையால் தொட்டாள், இன்னொருத்தியைக் காலால் தட்டினாள், சுழன்று திரும்பினாள். நடுக்கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும். கோட்டைத் தொட்டால் கோப்பை. அந்த நேரம் பார்த்து ஒரு விசில் கிளம்பியது. நீளமாகப் போய், முடிகிற இடத்தில் சட்டென்று மேலே ஏறுகிற விசில். நடுவர் ஊதிவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, 'கபடி கபடி'யை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். நடுவரோ தன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றால் அவுட். கோப்பை எதிர் அணிக்குப் போய்விட்டது.

தூக்கிய கை இறங்குவதற்குள்ளேயே அது யார் அடித்த விசில் என்று பிரவீணாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா தெய்வசிகாமணியுடையது. கடலில் வலை கனத்துவிட்டால் பக்கத்துப் படகுக்குச் சேதி சொல்ல இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கிற விசில். மனிதருக்குச் சந்தோஷம் வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். விசிலடித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. தும்மியவன் தும்மலையா ஞாபகம் வைத்துக்கொள்கிறான்?

ஊருக்கு அது தெரியாது. கூட வேனில் வந்த ஊர்க்காரர்கள் ஆட்டம் முழுக்க ஆளாளுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். மூர்த்திக்குப்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் சுபாஷ் ஆட்டத்தைப் படம் பிடித்திருந்தான். போலீசைக் கண்ட திருடனைப் போல பிரவீணா கை தூக்கி நிற்கும் இடத்தை மட்டும் விசிலோடு வெட்டி, பின்னால் பாட்டுப் போட்டு அனுப்பிவிட்டான். மறுநாள் விடிவதற்குள் அது குருவிநத்தம் போய், வில்லியனூர் போய், பெங்களூரில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தி மகன் போன் வழியாக அவளிடமே திரும்பி வந்தது. 'விசிலு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கபடிக் கோட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டத் தெரியாதவர்கள் எல்லாம் அவளுக்குப் பாடம் எடுத்தார்கள்.

பிரவீணா அதையெல்லாம் சிரித்தே சமாளித்தாள். பாகூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் விசிலடித்துவிட்டு அவளைப் பார்த்து, "இது வண்டிக்கும்மா, நீ கைய தூக்கிடாத" என்றார். பஸ்ஸே சிரித்தது. "டிக்கெட்ட குடுங்கண்ணே, நான் பாடிக்கினே வர்றேன்" என்றாள் அவள். அதற்கும் பஸ் சிரித்தது. ஆனால் வலிக்காமல் இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற சாக்கில் அழுதாள். முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவள் தலையிலிருந்து இறங்கியிருக்கும். சொல்லவில்லை. அதற்குக் காரணம் தெய்வசிகாமணியின் சத்தியம்.

அவர் கோபக்காரர். கோபம் வந்தால் "கடலம்மா மேல சத்தியம்" என்று ஆரம்பிப்பார். அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்துவிட்டால் உயிரே போனாலும் மாறமாட்டார். பீடியை அப்படித்தான் விட்டார். அது நல்லது. மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் குழம்பில் உப்பில்லை என்று யாரோ சொல்ல, பேச்சு வளர்ந்து, "இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், கடலம்மா மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்றுவரை மச்சானைத் தெருவில் வைத்துத்தான் பார்க்கிறார். தீபாவளிப் பலகாரம்கூட வாசலுக்கு வெளியேதான் கைமாறுகிறது. மகளைத் தோற்கடித்தது தன் விசில்தான் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன சத்தியம் செய்வார் என்று சொல்லவா வேண்டும்? இனிமேல் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அவர் வராமல் பிரவீணாவால் ஆடமுடியாது. முதன்முதலாக அவள் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனபோது குப்பத்துப் பெரிசுகள் முணுமுணுத்தார்கள். "போட்ல நாம லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு நிக்கல? அவ வேலைக்கு அதான் உடுப்பு. போங்கய்யா" என்று ஒற்றை ஆளாக நின்று வாயை அடைத்தவர் அவர். மீன் நன்றாக விழுகிற நாளிலும் படகை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வந்துவிடுவார். கயிற்றுக்கு வெளியே வலது மூலையில் நிற்பார். உள்ளே இறங்குமுன் பிரவீணாவின் கண் அந்த மூலைக்குப் போகும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தால்தான் தொண்டையிலிருந்து பாட்டே கிளம்பும்.

அம்மா ஜெயமணி பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவளிடம் எதை மறைக்க முடியும்? ஆட்டம் தோற்ற மறுநாள், கூடையில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாடி, அந்த விசிலு உனக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"அந்த ஆளுகிட்ட சொல்லித் தொலச்சிடாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"நானும் பல்லக் கடிச்சுக்கினுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் சும்மாடு வைத்தாள் ஜெயமணி. மீன்காரி ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று அந்த மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் பெரிய கூத்து தெய்வசிகாமணிதான். விசிலடித்தவனைக் கண்டுபிடிக்க அவர் கிளம்பிவிட்டார். அது எதிர் ஊர்க்காரன் செய்த சதி என்பது அவர் கட்சி. டீக்கடையில் சொன்னார், மீன் ஏலத்தில் சொன்னார், திருக்கனூரிலிருந்து மீன் வாங்க வந்த ஓர் அப்பாவியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவனிடமும் சொன்னார். "எந்தப் பய அடிச்சானோ, அவன் ரெண்டு விரலையும் ஒடிக்காம வுடமாட்டேன்!" நல்லவேளை, கடலம்மாவை இழுக்கவில்லை. சுபாஷின் வீடியோவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மகள் தோற்ற படத்தைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று அதை அவர் தொடவே இல்லை.

அணிக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் பாகூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அரிகரன். ஜெர்சியின் முதுகில் கடைப் பெயர் இருக்கும். அவர் பயிற்சியாளர் கண்ணகியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு கைய தூக்கிக்கினு நிக்குது, முதுகுல என் கடை பேரு பளிச்சுனு தெரியுது. கடைக்கு வர்றவன்லாம் ஆணி கேக்க மாட்டேங்குறான், விசிலு இருக்குதான்னு கேக்குறான். அடுத்த ஆட்டத்துல அவள உக்கார வையுங்க."

"அவள உக்கார வெச்சா யாரு பாடுறது, நீங்க போறீங்களா?" என்றாள் கண்ணகி. அரிகரன் தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டார். "உறுவையாத்துல திருவிழா ஆட்டம் வருது. அதுல ஒரு தடவ பாட்டு நின்னாலும் அவள நானே வெளிய உக்கார வெக்கிறேன். போதுமா?"

கண்ணகி சொன்னதைச் செய்கிறவள். பிரவீணாவுக்கும் அது தெரியும். எனவே கடற்கரை மணலில் புதுப் பயிற்சி தொடங்கியது. பிரவீணா பாடிப் போகும்போது மற்ற பெண்கள் சுற்றி நின்று காதுக்குப் பக்கத்தில் விசிலடிக்க வேண்டும். சரியாக அடிக்கத் தெரியாத பெண்களின் விசிலில் காற்றைவிட எச்சில்தான் அதிகம் வந்தது. சிரித்துச் சிரித்து மணலில் விழுந்தார்கள். அப்படியே சிரித்துக்கொண்டும் 'கபடி கபடி'யை விடாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள் பிரவீணா. தோற்றதற்குப் பிறகு அவள் மனசு லேசானது அந்த மணலில்தான்.

உறுவையாறு மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. பிரவீணா இறங்கியதுமே தொடங்கிவிட்டது கச்சேரி. நான்கு பக்கமும் விசில். பீப்பீ வாங்கி ஊதியவர்களும் உண்டு. மைக்கில் பேசுகிறவர்கூட, "அடுத்து பாடி வர்றது நம்ம விசிலு, மன்னிக்கணும், பிரவீணா!" என்றார். வலது மூலையில் தெய்வசிகாமணி ஒரு பக்கம் திரும்பித் திட்டி முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் விசில் பறந்தது. ஜெயமணி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரவீணா பாடினாள். தொட்டாள், திரும்பினாள். மறுபடி பாடினாள். விசில் கூடக் கூட அவளுக்கு உற்சாகம் ஏறியது. அடிங்கடா, இன்னும் அடிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு வெற்றியாக ஏறி மூர்த்திக்குப்பம் மாலையில் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. கேலி செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்த ரெய்டு நடந்தது. மூன்று பேர் சங்கிலி கோத்து வந்து அவளை மடக்கினார்கள். பிரவீணா குனிந்து, அவர்கள் கைகளுக்கு அடியில் நுழைந்து, மூன்று பேரையும் உரசிக்கொண்டு வெளியே வந்தாள். கோட்டுக்கு இரண்டு எட்டு. மைதானமே எழுந்து நின்றது.

அப்போது வலது மூலையிலிருந்து வந்தது, நீளமாகப் போய் மேலே ஏறுகிற அந்த விசில்.

ஒரு கணம் அவள் நெஞ்சு நின்றது. பாட்டு நிற்கவில்லை. 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி விழுந்தாள். மூன்று பாயிண்ட்.

கூச்சல் அடங்கும் முன்னால் மைக் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த சுபாஷ் தன்னை மறந்து கத்திவிட்டான். "டேய், அதே விசிலுடா! திருக்கனூரு விசிலு!" அது நாலு ஸ்பீக்கரிலும் போனது. மைதானம் முழுக்க ஒரே சமயத்தில் வலது மூலைக்குத் திரும்பியது. அங்கே தெய்வசிகாமணி இரண்டு விரலையும் வாயில் வைத்தபடி நின்றிருந்தார். கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, அப்படிப் பிடிபட்டவரை அன்றைக்குத்தான் ஜனம் நேரில் பார்த்தது.

"சித்தப்பா! விரல ஒடிக்கிறேன்னியே, நீயே ஒடிச்சுக்கிறியா, நாங்க வரணுமா?" என்று யாரோ கேட்டார்கள். மைதானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அரிகரனும் சிரித்தார்.

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. விரலை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தார். பிரவீணா எழுந்து பார்த்தபோது அந்த மூலை காலியாக இருந்தது. இத்தனை நாள் அவள் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. கண்ணகியைப் பார்த்துக் கை காட்டினாள். கண்ணகி டைம் அவுட் கேட்டாள்.

"யம்மா! புடிச்சுக்கினு வா!" என்று கத்திக்கொண்டே பிரவீணா கயிற்றண்டை ஓடினாள்.

ஜெயமணி அவரைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். கோட்டுக்கு உள்ளே மகள், கயிற்றுக்கு வெளியே அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"அன்னிக்கே தெரியும்."

"ஊரே உன்னக் காறித் துப்புச்சே. ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நான் வேற வூடு வூடா போயி…" தோளை நிமிர்த்தினார். வலது கை நெஞ்சுக்குப் போனது. பிரவீணாவுக்கு அந்தக் கை எதற்குப் போகிறது என்று தெரியும். "இனிமே உன் ஆட்டத்துக்கு, கடலம்மா மேல…"

சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள் பிரவீணா. மண்ணும் வியர்வையுமான கை. அவர் திமிறினார். அவள் விடவில்லை. மூன்று பேரின் பிடியிலிருந்து நழுவி வந்தவளின் பிடியிலிருந்து அவர் எப்படி நழுவுவார்?

"சொல்லாத யப்பா. சொல்லிட்டா நீ வரமாட்ட. ஊரு பேசுனத நான் தாங்கிக்கினேன். அந்த மூல காலியா கெடந்தா என்னால தாங்க முடியாது. நீ விசிலடி, கத்து, சண்ட போடு, இன்னா வேணா பண்ணு. வராம மட்டும் இருந்துடாத. பாட்டு நின்னா நான் பாத்துக்கறேன்."

அவள் கைக்குள்ளே அவர் ஏதோ முனகினார். அது சத்தியத்தின் மிச்சமா அழுகையா என்று தெரியவில்லை.

"மூக்கால மூச்சு வுடுய்யா" என்றாள் ஜெயமணி. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே விசில் ஊதினார்.

பிரவீணா கையை எடுக்கவில்லை. "இன்னா சொல்லப் போற?"

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, ஒரு விரல் ஒரு விரலாக, அவள் கையை எடுத்தாள். தெய்வசிகாமணி வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பினார். மகளைப் பார்த்தார். காலியாகக் கிடந்த தன் மூலையைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"ஓரத்துல நிக்கிறா பாரு, மூணாம் நம்பருகாரி. இடது கால லேட்டா எடுக்குறா" என்றார். "போயி அவளத் தொடு."

தன் முறை வந்ததும் பிரவீணா பாடிக்கொண்டே போய் அவளைத்தான் தொட்டாள்.