மூன்று நாள் கரையாத கட்டி

ஜீலம் ஆற்றுப் பக்கத்து உப்புச் சுரங்கத்தின் ஏழாவது அறைக்குள் குல்பாஸ் மூச்சிரைக்க ஓடினான். அங்கே கூரையைத் தாங்குவதே உப்புத் தூண்கள்தான். நான்கு நாளாக அவற்றின் அடியில் தண்ணீர் கசிகிறது. அவன் தம்பி ஷம்ரேஸ் தூணோரம் சாவகாசமாக உப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா. தூணோட கால் மெலிஞ்சுபோச்சு."

"கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு எல்லாமே பயம்தான் அண்ணே. மேஸ்திரியக் கேளு."

மேஸ்திரி நவாப்தீன் ஒரு கண்ணாடி ஜாடியை விளக்கருகே தூக்கிக் காட்டினார். கசிந்த தண்ணீரில் வெள்ளைக் கட்டி ஒன்று கிடந்தது.

"மூணு நாளா ஊறுது, முனைகூட மழுங்கல. இந்தத் தண்ணி வர்ற வழியிலயே வயிறு முட்ட உப்பத் தின்னுடுச்சு. இனிமே எதையும் கரைக்காது. தூண எப்படிப்பா தின்னும்?"

சுற்றி நின்ற முப்பது தொழிலாளிகளும் சிரித்தார்கள். கூரைக்குள் ஏதோ மெல்ல நறநறத்தது. சிரிப்பு நின்றது.

குல்பாஸ் ஜாடிக்குள் கைவிட்டுக் கட்டியை எடுத்தான். சட்டையில் அழுந்தத் துடைத்து, மேலே ஒட்டிய உப்பு நீரை நக்கித் துப்பிவிட்டு மறுபடி நாக்கில் வைத்தான். கரிக்கவில்லை. ஓரத்தைக் கடித்துப் பார்த்தான். அப்போதும் கரிக்கவில்லை.

"இத எங்க எடுத்தீங்க மேஸ்திரி?"

"வாசல்ல கிடக்கிற உப்புக் குவியல்லதான். ஏன்?"

அது உப்பே அல்ல. உப்போடு கலந்து கிடக்கும், தண்ணீரில் லேசில் கரையாத ஜிப்சம் கல். அந்தத் தண்ணீர் தூணைத் தின்னாது என்பதற்கு இனி எந்தச் சாட்சியும் இல்லை.