ஹார்ன்பீம் வீட்டின் குளிர்

தான் பிறந்த ஹார்ன்பீம் வீட்டுக்குள் நுழைய ஆட்ரி டிக்கெட் வாங்கினாள். “மூணு மணிக்கு ஒருத்தர் விளக்கம் சொல்வார், நல்லா இருக்கும்,” என்றாள் வாசல் மேசையில் இருந்த திருமதி பெவிஸ். ‘எனக்கே விளக்கமா?’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு வளரும். அவள் வந்ததோ ஒரே ஒரு பேச்சுக்கு. தம்பி ரோலண்டைப் பார்த்து, ‘அன்னிக்கு நான் சொன்னது தப்பு’ என்று சொல்ல வேண்டும். எழுபத்துமூன்று வயதில் அதற்காகத்தான் இரண்டு ரயில் மாறி ஹெரிஃபோர்டு வந்திருந்தாள்.

அவர்கள் அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். இயந்திரம் தொட்டது எதுவும் தன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, மலையிலிருந்து கல்லை உடைத்துத் தானே சுமந்து, கருவாலி மர உத்தரங்களைத் தானே வாச்சியால் செதுக்கி, இரும்பாணிக்குப் பதில் மர ஆணி அடித்துப் பதினொரு வருஷம் இந்த வீட்டைக் கட்டினார். ஊரே வந்து வாயைப் பிளந்தது. பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன! உள்ளே இருந்தவர்களுக்கு அல்லவா தெரியும்? தை மாசக் குளிரில் படுக்கையருகே வைத்த தண்ணீர் விடிவதற்குள் உறைந்து கிடக்கும்.

அப்பா போன பிறகு அம்மாவும் ரோலண்டும் அங்கேயே இருந்தார்கள். 1972 பிப்ரவரியில் நிமோனியாவில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில், பாதிரியார் முதற்கொண்டு அத்தனை பேரும் நிற்க, ஆட்ரி வெடித்தாள்.

“என்கிட்ட அனுப்பு, அனுப்புன்னு எத்தனை கடுதாசி போட்டேன்! நீதான் விடல. நீயும் இந்த வீடும் சேர்ந்து அம்மாவைக் கொன்னுட்டீங்க.”

ரோலண்ட் வாயே திறக்கவில்லை. அதன் பிறகு முப்பத்தொரு வருஷமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்லுளிமங்கன் என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள் ஆட்ரி. இவள் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட இவளும் போடவில்லை.

போன மாதம் அம்மாவின் பழைய சிநேகிதி ஒருத்தி இறந்துபோக, அவள் மகள் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது என்று ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தாள். அம்மாவின் கையெழுத்து. ‘ஆட்ரியிடம் போய் இரு என்று ரோலண்ட் மூன்று தடவை கெஞ்சிவிட்டான். நான்தான் நகர மாட்டேன் என்கிறேன்.’ படித்த அன்றைக்கே ஆட்ரி ரயிலுக்குப் பதிவு செய்தாள்.

கணப்படுப்பு அறையில் ஆறேழு பேருக்கு நடுவில் சட்டையில் பெயர் வில்லை குத்திக்கொண்டு நின்றிருந்தான் ரோலண்ட். வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் பட்டறை மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தான். வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர்களுக்குத் தன் வீட்டையே சுற்றிக் காட்டுவது அவன் வேலை.

ஆட்ரி அம்மாவின் நாற்காலியைத் தொட்டாள். கோரை பின்னிய இருக்கை மேல் ஒரு காய்ந்த முட்பூ வைத்திருந்தார்கள், யாரும் உட்காராமல் இருக்க.

“மேடம், அதுல உக்காராதீங்க. குத்தும்,” என்றான் ரோலண்ட். எல்லோரும் சிரித்தார்கள். கூடப் பிறந்தவனுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை! அவளுக்குச் சுருக்கென்றது.

கழுத்தில் சிவப்புத் துண்டு சுற்றிய ஒருத்தி, “எல்லாம் அழகாத்தான் இருக்கு. குளிர்காலத்துல எப்படி இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“எங்கம்மா குளிர்லதான் செத்துப்போனாங்க,” என்றான் அவன், உத்தரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில். “நானும் இந்த வீடும் சேர்ந்து கொன்னுட்டோம். எங்க அக்கா அப்பவே சொன்னா. அவ சொன்னது சரி.”

வந்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள் ஆயிற்றே, சங்கடம் வந்தால் வேறு பக்கம் பார்க்கிறவர்கள்! அத்தனை பேருக்கும் சட்டென்று கூரையில் இருந்த சுதை அணில்கள் மேல் அக்கறை பிறந்துவிட்டது.

ஆட்ரி ஆத்திரத்தில் கொட்டிய வார்த்தையை ஒன்று விடாமல் அவன் வைத்திருக்கிறான். வாரத்துக்கு மூன்று நாள், முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் மாடிக்குப் போனது. அவள் நகரவில்லை.

“ரோலண்ட்.”

அவன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தான். “ஆட்ரியா? என்ன இப்படிக் கிழவி ஆயிட்ட!”

“நீ மட்டும் குமரனாக்கும்!”

இருவருக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவன் முட்பூவை எடுத்துவிட்டு, “உக்காரு. பெவிஸ் பாத்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா,” என்றான்.

அவள் கடிதத்தை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

“நான் சொன்னது அபாண்டம்டா. என்னை மன்னிச்சுடு. நீ ஏன் அன்னிக்கே வாயைத் திறக்கல?”

“கெஞ்சினது நெசந்தான்,” என்றான். “ஆனா அம்மா இங்கேதான் இருப்பாங்கன்னு ஆன பிறகு, வெந்நீர்க் குழாய் போட்டு வீட்டைச் சூடு பண்ணியிருக்கலாமே. ஆள் வந்து அளவெடுத்துட்டுக்கூடப் போனான். சுவத்துல நாலு இடத்துல துளை போடணும்னான். அப்பா கையால அடுக்கின கல்லு… எனக்கு மனசு வரல. வசந்தத்துல பாத்துக்கலாம்னேன்.”

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.”

“நான் சொல்ல என்ன மிச்சம் இருந்துச்சு? நீதான் சொல்லிட்டியே.”

அன்றைக்கு ஆட்ரி ‘என்னடா ஆச்சு?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவன் அழுதிருப்பான், கூடச் சேர்ந்து தானும் அழுதிருப்பாள். கேட்கத் தோன்றவில்லையே, பாவி! முப்பத்தொரு வருஷம் வீணாய்ப் போயிற்று. மன்னிப்புக் கேட்டும் அவன் பாரம் இறங்கவில்லை.

ரோலண்ட் அவள் கையைப் பிடித்து நீள மரப்பலகை ஆசனத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். சுவரோரம் ஒரு குழாய் ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது.

“போன வருஷம் அறக்கட்டளைக்காரங்க போட்டாங்க. நாலே துளை. ஒரு நாள் வேலைகூட இல்ல.”

“யாருக்குடா? இங்க யாரும் குடியில்லையே?”

“மேஜை நாற்காலிக்கு,” என்றான் ரோலண்ட். “ஈரக் குளிர்ல வீணாயிடுமாம்.”