ஹாலாஸ்யத்தின் சைலன்சர்

ஹாலாஸ்யத்தின் ஃபியட் சாதாரண ஃபியட் இல்லை. கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரின் பிள்ளை, பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று இழைத்து இழைத்துச் செய்துகொண்ட வண்டி. இரண்டு கார்புரேட்டர், சீவித் தாழ்த்திய எஞ்சின் தலை, பின்னால் தடுப்பே இல்லாமல் நேராக ஓடும் புகைக்குழாய். பிள்ளைக்குக் கல்யாணமானது, பந்தயம் நின்றது, எழுபத்து மூன்றில் வண்டி தல்லாகுளத்தில் இருந்த ஹாலாஸ்யத்திடம் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு ஹாலாஸ்யம் என்ன செய்தார்? பம்புசெட் விற்றார். காலையில் கிளம்பி உசிலம்பட்டி, எழுமலை என்று கிணறு கிணறாக அலைந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். செக்கானூரணி தாண்டிய நேர் ரோட்டில் பஸ்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த மனுஷர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு இருக்கும். அதை அவர் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் அவர் வேறு ஆள். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை வாயில் வராது. ஆனால் உள்ளே நுழைந்ததும் கண் குற்றத்தைத்தான் தேடும். பேப்பர் ஏன் இப்படி மடங்கியிருக்கிறது, குழாய் ஏன் சொட்டுகிறது, ரேடியோ ஏன் இம்புட்டு அலறுகிறது என்று ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை ஓயாது. அது கண்டிப்பு என்பது அவர் எண்ணம். மனைவி விஜயமும் பதினாறு வயது மகள் ஜானுவும் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அவர் கேட்டதும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் தன் வீட்டைப் பற்றிப் பெருமை உண்டு. தமுக்கம் பக்கம் வண்டி திரும்பும்போதே அந்தக் குழாயின் சத்தம் வீடுவரை எட்டிவிடும். தெருவுக்குள் நுழையும்போது கேட் திறந்திருக்கும். விஜயம் வாசலில் நிற்பாள். ஜானு மேஜையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஆறு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. “எனக்குக் காலிங்பெல்லே வேண்டாம் ஓய், சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வந்துடுவா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். வெளியே எத்தனை பேர் இளக்காரமாகப் பேசினாலும் இந்த ஒன்றை நினைத்து அவர் மனசு நிறைந்துவிடும்.

எழுமலைப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அந்தக் குழாய் பற்றவைப்பு விட்டுத் தொங்கிவிட்டது. கோரிப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மலையாண்டியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். மலையாண்டி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து மூன்று வழி சொன்னான். கம்பெனி சைலன்சரைப் போட்டால் சத்தம் இருக்காது, ஆனால் இந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டும், லாரியை முந்த முடியாது. பழையபடி நேர்க்குழாயே போட்டால் இழுவை குறையாது, ஆனால் சத்தம் ஆனையூர்வரை கேட்கும். மூன்றாவது, அவனே செய்கிற உருப்படி: நீளமான டப்பா, உள்ளே ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. இழுவையும் இருக்கும், சத்தமும் அடங்கும். பஞ்சை மட்டும் வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும்.

அறிவுள்ளவன் மூன்றாவதைத்தான் எடுப்பான். பக்கத்து வீட்டு ரிடையர்டு தாசில்தார் பிச்சுமணி வேறு, இந்தச் சத்தத்தில் தன் நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் ஹாலாஸ்யத்துக்கு மனசு வரவில்லை. சத்தம் போய்விட்டால் வாசலில் யார் வந்து நிற்பார்கள்? இதை மலையாண்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், இழுவை எப்படியிருக்குமோ என்று இழுத்தார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பழைய குழாயையே பற்றவைத்துத் தருகிறேன் என்று மலையாண்டி டப்பாவை மாட்டிவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. கேட் சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அடக்காமல், மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. யாரோ விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். விஜயமும் ஜானுவும் மட்டும்தான் இருந்தார்கள். அவரைக் கண்டதும் ரேடியோவை அணைத்தாற்போலச் சிரிப்பு நின்றது. என்ன வேடிக்கை என்று கேட்டார். “ஒண்ணுமில்லே, சும்மாத்தான்” என்றாள் விஜயம். ஜானு புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். கட்டிய மனைவியின் சிரிப்பைத் தனக்கு அடையாளம் தெரியவில்லை என்பது கைகால் கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார். உள்ளே ஜானு அச்சாக அவர் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பேப்பரை யார் இப்படி மடித்தது, குழாயை யார் இப்படி விட்டது என்று அவர் நடையையே நடந்து காட்டுகிறாள் போலிருக்கிறது. விஜயம் சிரித்து இருமினாள்.

“போறும்டீ, வயத்தை வலிக்கறது. அவர் வர நேரம். முன்னேன்னா சத்தம் கேக்கும், சுதாரிச்சுக்கலாம். இப்போ எப்போ வந்து நிப்பாரோன்னு பயமாயிருக்கு.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஆறு வருஷமாக வரவேற்பு என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது சுதாரிப்பு என்று தெரிந்ததில் அவருக்கு அழுகைதான் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு தமுக்கம்வரை போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். கேட் திறந்திருந்தது. விஜயம் வாசலில் நின்றாள்.

புதன்கிழமை ஒரு முடிவோடு வந்தார். எழுமலையில் பயிர் பண்ணுகிற ஒரு சம்சாரி சொன்ன வேடிக்கையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து, சாப்பிடும்போது எடுத்துவிட்டார். இருவரும் சிரித்தார்கள். வாத்தியார் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் முன்னதாக வந்து வெளியில் நின்று காது கொடுத்தார். வெள்ளிக்கிழமையும் நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது: தாயும் மகளும் கையில் ஆளுக்கொரு வேலையை வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வருவாரோ என்று தெரியாததால் நாலு மணியிலிருந்தே அப்படி உட்கார்ந்துவிடுகிறார்கள் போலும். இருந்த ஒரு சிரிப்பும் போய்விட்டது.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் திறக்காததுமாக மலையாண்டி முன்னால் போய் நின்றார். பழைய குழாயையே மாட்டச் சொன்னார்.

“ஏன் சாமி, இழுவ பத்தலையா?”

அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

“பெறகென்ன? தாசில்தாரு வேற சத்தம் போடுவாருன்னு சொன்னீக?”

“அவர் போடட்டும். தெருமுனையில ஹாரன் அடிச்சாப் போறாது, நான் வரது ஆத்துல இருக்கறவாளுக்குத் தூரத்துலேயே தெரியணும், மலையாண்டி. அதுவரைக்குமாவது அவா சிரிச்சிண்டிருக்கட்டும்.”

மலையாண்டி அவர் முகத்தை ஒருதரம் பார்த்தான். ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினான்.