கறுப்பி மேல் விழுந்த பழி

கண்டாவளையில் கஜனி வளர்க்கும் ஊர்க்கோழிக்குக் கறுப்பி என்று பெயர். அதன் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகத் தொடங்கியதும் வீட்டில் பெரிய வழக்கே எழுந்தது.

"வல்லூறுதான்," என்றான் கணவன் அனோஜன். "பகலில குஞ்சைக் காக்கத் தெரியாத கோழி எதுக்கு? ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆக்கள் வருகினம். சட்டிக்குள்ள போடும்."

"காட்டுப்பூனை," என்றாள் கஜனி. "வல்லூறு பகல் கள்ளன், பூனை ராக் கள்ளன். ராவில கோழிக்குக் கண் தெரியுமே? கூட்டுக் கதவுக்குப் பலகை அடிச்சது ஆர்? வந்து பாருங்கோ."

பலகை அடித்துக் கதவைச் செய்தவன் அனோஜன். ஆகவே பூனைக் கதை அவன் காதில் ஏறவில்லை. வல்லூறுக்கு அடையாளம் தெரியாமலிருக்க ஊரில் எல்லோரும் செய்வதுபோல, மிஞ்சிய குஞ்சுகளுக்கெல்லாம் ரோஸ் நிறச் சாயம் பூசிவிட்டான். மறுநாளும் ஒன்று குறைந்தது. எப்போது போனதென்று இருவருக்கும் தெரியாது. ஞாயிறும் நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்பியின் கழுத்தல்லவா இந்த வழக்கில் தொங்குகிறது!

வெள்ளிக்கிழமை காலை அனோஜன் முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். வேம்பிலிருந்து வல்லூறு இறங்கியது. புறாவளவுதான் இருக்கும்; ஆனால் என்ன வேகம்! ரோஸ் குஞ்சுகள் சிதறி ஓடின. கறுப்பி ஓடவில்லை. சிறகை விரித்து எம்பி, வந்தவனின் நெஞ்சிலேயே ஒரு மிதி. இறகு பறந்தது, வல்லூறின் இறகு! அது வேலியில் மோதி, தட்டுத்தடுமாறித் தப்பிப் பறந்தது.

"பாத்தியளோ என்ர பெட்டையை!" என்று கஜனி போட்ட சத்தம் பக்கத்து வயலுக்கும் கேட்டிருக்கும். பெருமையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அனோஜன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். எழுந்துபோய்க் கோழிக்கூட்டின் முன் குந்தினான். கதவின் அடிப்பலகை இற்றுப்போய் ஓட்டை விழுந்திருந்தது. ஈரமண்ணில் சின்னச் சின்னப் பூனைத் தடங்கள். ஓட்டையின் விளிம்பில் ரோஸ் நிறத் தூவி ஒட்டியிருந்தது. அவன் பூசிய சாயமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சுத்தியல் எங்க கிடக்குது?" என்றான் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்த அக்கா சோற்றுக் கோப்பையைப் பார்த்தார், பிறகு முற்றத்தைப் பார்த்தார். "என்னடா தம்பி, கோழி வெளியில நிக்குது, கோப்பையில கத்தரிக்காய் கிடக்குது?"

அனோஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவா வல்லூறை மிதிச்சவா, அக்கா. தொடேலாது."

"அப்ப பூனை?" என்றாள் கஜனி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பகலில அவா பாத்துக்கொள்ளுவா," என்றான். "ராவுக்கு நான் பொறுப்பு."