ஒரு கட்டம் தள்ளி

“எங்க கிளம்பிட்டீங்க?”

“டெய்லர் கடை மாடிக்கு. சனிக்கிழமைன்னா நாங்க நாலு பேரும் அங்கதான் இருப்போம்.”

“அங்க என்ன விசேஷம்?”

“சாமியாரப் பத்திப் பேசுவோம்.”

“கல்யாணமாகி முழுசா பதினோரு நாள் ஆகல. அதுக்குள்ள சாமியாரா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சாமியார் என்பது ஒரு செஸ் ஆட்டக்காரர், கிராண்ட்மாஸ்டர், பலகை முன்னால் உட்கார்ந்தால் ஐந்து மணி நேரத்துக்கு ஆடாமல் அசையாமல் இருப்பார், அதனால் நாங்கள் வைத்த பெயர் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ஒருத்தரப் பத்தி வாராவாரம் அப்படி என்னதான் பேசுவீங்க?”

“அந்த மனுஷன் வாயத் திறக்கவே மாட்டார். அதான் அவருக்கும் சேர்த்து நாங்க பேசறோம்.”

நானும் வரட்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். சரி, அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று முப்பத்தொரு வருஷம் போய்விட்டது.

இன்றைக்கும் சனிக்கிழமைதான். அவள் அவருடைய சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானைப் போடும்போது அவள் விரலைத் தட்டிவிட்டு, “நானே போட்டுக்கறேன்” என்று சொல்கிறவர் இப்போது எதுவும் சொல்லவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர், கூட்டாளிகளுக்கு வெறும் ‘மீட்டர்’. நேற்றுக் காலை யாரோ ஒருவர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் மீட்டரைப் பார்க்கக் குனிந்தார், நிமிரவில்லை. சட்டைப் பையில் பேனா மூடி திறந்தபடியே இருந்ததாகச் சொன்னார்கள்.

“அக்கா, நீ நகரு. நான் பாத்துக்கறேன்” என்றாள் தங்கை.

“இன்னும் ரெண்டு பொத்தான்தான்.”

போட்டு முடித்துக் காலரைச் சரிசெய்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வண்டி நாலு மணிக்குத்தான். பிள்ளை குட்டி என்று யாரும் வந்து சேர வேண்டியதில்லை. தங்கை ஒருத்தி போதும், ஊரையே நிர்வாகம் பண்ணுவாள். நாற்காலி வரவழைத்ததும் அவள்தான், எதிர்வீட்டுக்காரரைப் பாட்டை நிறுத்தச் சொன்னதும் அவள்தான்.

பதினொரு மணிக்கு அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். டெய்லருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. கணக்கு வாத்தியார் நிறம் மங்கிய கைப்பையோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் வயது குறைந்தவர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்த அடையாளமாகக் காதில் பேனா செருகியிருந்தது. உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். டெய்லர் மட்டும் குனிந்து, சட்டையின் தோள் தையலை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். அவர் தைத்த சட்டைதான்.

அதன்பின் வெளி வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சமையலறை ஜன்னல் வராந்தாவைப் பார்த்துத்தான் இருந்தது. ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை எடுத்து அவள் மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

வெளியே வாத்தியாரின் குரல்.

“நம்ம சாமியார் பத்தொம்பது வயசுல கிராண்ட்மாஸ்டர் ஆனான். முப்பது வயசுல உலகப் போட்டி ஃபைனல். ஒரே ஒரு ஆட்டத்துல கோட்டை விட்டான். அதோட மனுஷன் உடைஞ்சு போயிட்டான்னுதான் நான் எப்பவும் சொல்றது.”

“உடைஞ்சவனா அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் ஆடுவான்?” இது டெய்லர். “வாய்க்கு வந்தத பேசாதீங்க வாத்தியாரே. நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரியே அவரையும் திருத்தறீங்க.”

“பேட்டி குடுக்க மாட்டான். கைகுலுக்கினாக் கூட விரல் நுனியத்தான் நீட்டுவான். அதுக்குப் பேரு திமிர் இல்லாம என்ன? கூச்சமா? புதுப்பொண்ணா அவன்?”

“இப்ப மீட்டர் இருந்திருந்தா உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

மூன்று பேரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

தங்கை சமையலறைக்குள் வேகமாக வந்தாள். “இந்த அநியாயத்தப் பாத்தியாக்கா? உள்ள மனுஷர் படுத்திருக்கார். வெளிய உக்காந்து விளையாட்டுக் கதை பேசறாங்க! போய் ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்.”

“வேண்டாம். பேசட்டும்.”

“என்ன பேசட்டும்?”

“பேசட்டும்டீ. நான் கேட்டதே இல்ல.”

தங்கை அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும்? வீட்டில் அவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதுவும் டீ, சாவி, மழை என்று இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் முகம் கழுவி, தலை சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அவ்வளவு பேச்சும் எங்கிருந்து வந்தது, அதில் எங்காவது ஒரு ஓரத்தில் தான் இருந்தோமா, அது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்க இனி அவர் இல்லை. இந்த மூன்று பேரும் நாலு மணிக்கு எழுந்து போய்விட்டால், பிறகு யாருமே இல்லை.

குழாயை நிறுத்தினாள்.

“திமிர்னு நீங்க சொல்லும்போதெல்லாம் மீட்டர் ஒரு விஷயம் சொல்வார், ஞாபகம் இருக்கா?” டெய்லர் கேட்டார். “எதிராளி ஒரு தப்பான காய நகத்தினா சாமியார் என்ன பண்ணுவார்? பலகையப் பாக்க மாட்டார், அவன் மூஞ்சியப் பாக்க மாட்டார். ஜன்னலப் பாப்பார்.”

“ஆமா. அது அலட்சியம்னு நான் சொன்னேன்.”

“அது மரியாதைன்னு மீட்டர் சொன்னார். ஒருத்தர் தப்பு பண்ணிட்டுத் திகைச்சு நிக்கும்போது பாத்துட்டிருக்கக் கூடாது வாத்தியாரே, அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும்னார்.”

அவள் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

பால் பொங்கி அடுப்பை அணைத்த அன்றைக்கும் அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். சம்பளம் வந்த அன்றே பர்ஸைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு அவள் வாசலில் வந்து நின்றபோதும் ஜன்னலைத்தான் பார்த்தார். கோபத்தை விழுங்குகிறார் என்று நினைத்து, அப்போதெல்லாம் அவள் அடுக்களைக்குள் போய் ஒடுங்கிக்கொள்வாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“அண்ணி.” மருந்துக்கடைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “டெய்லர் ஒண்ணு கேக்கணும்ங்கறார். கேக்கத் தைரியம் இல்லாம என்னை அனுப்பறார்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல எழுந்து நின்றார்கள். டெய்லர் கையோடு கொண்டுவந்திருந்த பழைய பொத்தான் டப்பாவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். பழுப்பேறிய கவர். ஒட்டிய இடத்தில் பசை காய்ந்து கறுத்திருந்தது.

“தங்கச்சி, இது மீட்டரோடது. சாமியார் கடைசியா ஒரு ஆட்டம் ஆடினார். இருபத்தாறு வருஷம் இருக்கும். அப்பல்லாம் ஒரே நாள்ல முடியலைன்னா ஆட்டத்தப் பாதியில நிறுத்துவாங்க. அடுத்து ஆட வேண்டியவர் தன்னோட மூவ ஒரு தாள்ல எழுதி, கவர்ல ஒட்டி நடுவர்கிட்ட குடுத்துடணும். மறுநாள்தான் பிரிப்பாங்க. அன்னைக்கு எழுதிக் குடுத்தது சாமியார். ஆனா மறுநாள் காலையில, நான் தோத்துட்டேன், இனிமே ஆட மாட்டேன்னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டு ஊருக்குப் போயிட்டார். கவர யாரும் பிரிக்கவே இல்ல.”

“உள்ள என்ன எழுதியிருந்தார்னு இன்னைக்கு வரைக்கும் உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது” என்றார் வாத்தியார்.

“பத்திரிகையில ஆட்டம் வந்ததும் நாங்க நாலு பேரும் எங்க யூகத்த எழுதி ஒட்டிப் போட்டோம். நம்மள்ல யார் முதல்ல போறாங்களோ அவங்க கவர மத்தவங்க பிரிக்கலாம்னு மீட்டர்தான் சொன்னார்.” டெய்லர் மூக்கை உறிஞ்சினார். “விளையாட்டுக்குச் சொன்னது. நீ சரின்னு சொன்னா பிரிக்கலாம். இல்லைன்னா அவர் பையில வச்சே அனுப்பிடலாம்.”

அவள் கவரை வாங்கித் தானே பிரித்தாள். மின்வாரியத்து அட்டையில் கிழித்த துண்டு. *குதிரை, எஃப் 7.* ஏழின் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு. ஒன்றையும் ஏழையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எல்லா மீட்டர் அட்டையிலும் அவர் போடுகிற கோடு. வார்த்தை புரிந்தது, அர்த்தம் புரியவில்லை. அட்டையை நீட்டினாள்.

வாத்தியார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். “என்னய்யா இது?”

மருந்துக்கடைக்காரர் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக் காந்தப் பலகையை எடுத்து நாற்காலி மேல் வைத்தார். வாத்தியார் எதையும் பார்க்காமல் மனசிலிருந்தே காய்களை அடுக்கினார்.

“இதுதான் நிறுத்தின இடம். குதிரை இங்க நிக்குது. இங்கருந்து எஃப் ஏழுக்கு ஒரே தாவுல போக முடியாது. ரெண்டு தாவு வேணும்.”

“இன்னொரு குதிரை?”

“அது பன்னண்டாவது மூவ்லயே செத்துப்போச்சு.”

“மீட்டர் எப்படித் தப்பா எழுதினார்?” டெய்லருக்கு நம்பவே முடியவில்லை. “முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு ரீடிங் தப்பா எழுதாத மனுஷன்யா. இந்த ஆட்டம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையா ஒப்பிப்பார்.”

“அதான் எனக்கும் புரியல” என்றார் வாத்தியார். முதல்முறையாக அவர் குரலில் எதிர்வாதம் இல்லை.

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையில் அந்த ஆட்டம் வந்த வாரம் அவர் சாப்பாட்டு மேசையில் காய்களைப் பரப்பி வைத்திருந்தார். நாலு நாள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் வேலைக்குப் போனபின் தூசு துடைத்தபோது முழங்கை பட்டு ஒரு குதிரை உருண்டு விழுந்தது. எடுத்துத் துடைத்து, எங்கே நின்றது என்று தெரியாமல், ஒரு உத்தேசமாக வைத்தாள். சாயங்காலம் அவர் ஒரு காலில் செருப்போடு மேசை முன்னால் வெகுநேரம் நின்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், “டீ இருக்கா?” என்றார். கவனிக்கவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். அந்தக் குதிரையை அவர் திருப்பி நகர்த்தவே இல்லை.

அவள் குனிந்து, ஈரம் காயாத விரலால் குதிரையை ஒரு கட்டம் முன்னால் தள்ளி வைத்தாள்.

“இது இங்க இருந்தா?”

மருந்துக்கடைக்காரர் விரலால் எண்ணிப் பார்த்தார். “இங்கருந்து போகும் அண்ணி. ஒரே தாவுதான். நல்ல மூவ் கூட.”

“ஆனா குதிரை அங்க இல்லையே” என்றார் வாத்தியார்.

“எங்க வீட்டுல அங்கதான் இருந்துச்சு,” என்றாள் அவள். “நான்தான் வச்சேன்.”

வாத்தியார் பலகையையும் அந்தத் துண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். டெய்லருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் மெதுவாக முகத்தைத் திருப்பி வராந்தாக் கம்பிக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். பிறகு மருந்துக்கடைக்காரரும். கடைசியாக வாத்தியாரும். எதிர்மாடியில் யாரோ உலர்த்திய வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

அவள் அட்டைத் துண்டை மடித்து, அவர் பையில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே தங்கை யாரையோ ஃபோனில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே,” என்றாள் டெய்லரிடம். “அடுத்த சனிக்கிழமை நானும் வரட்டுமா?”