புகைக்கிறவன் ஓடக்கூடாதோ?

எழுபத்தஞ்சாம் ஆண்டு, ஒரு சரக்குக் கப்பலைத் துறையில் கட்டிக்கொண்டிருந்தபோது யோகலிங்கத்துக்கு மூச்சு நின்றுவிடும்போல வந்தது. இழுவைப் படகில் கயிறு எறிவது அவருடைய வேலை. அன்றைக்கு எறிந்த கயிறு பாதியில் தண்ணீரில் விழுந்தது. இன்னொரு தரம் எறிய ஏலாமல் குந்தியிருந்து இருமினார். கூட வேலை செய்த கிண்ணியாத் தாஹிர்தான் கயிற்றை எடுத்து எறிந்தான்.

"யோகண்ணை, சிகரெட் உங்களை முடிச்சுப்போடும்."

"என்னை ஆரும் இப்ப முடிக்கேலாது," என்றார் யோகலிங்கம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஓடுவதற்கென்று கான்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார்.

டச்சுக்குடாக் கடற்கரையில் துறைமுக விளையாட்டுக் கழகத்தார் விடியற்காலையில் ஓடுவார்கள். கழகத் தலைவர் சோமசேகரம் துறைமுகக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். யோகலிங்கம் கரையில் நின்று ஒரு சிகரெட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டு வந்து வரிசையில் சேர, சோமசேகரம் விசிலை ஊதி எல்லாரையும் நிற்பாட்டினார்.

"முதல்ல அந்தப் பழக்கத்தை விட்டிட்டு வாரும். பிறகு ஓடலாம்."

"ஓடத்தான் வந்தனான் சேர். விடுறதைப் பற்றிக் கதைக்க வரேல்லை."

"அப்ப எங்களோட ஓடேலாது. பாக்கிற சனம் கழகத்தைப் பற்றி என்ன சொல்லும்?"

"கடற்கரை பெரிசுதானே," என்றுவிட்டு யோகலிங்கம் மற்றப் பக்கம் திரும்பி ஓடினார்.

வெகுதூரம் போகவில்லை. கரைவலை இழுக்கிறவர்களுக்கு முன்னாலேயே மணலில் விழுந்து சத்தி எடுத்தார். அவர்கள் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வருவன், அப்பவும் சிரியுங்கோ," என்றார்.

மனைவி குணேஸ்வரிக்கு அழுகை வந்தது. "இஞ்சாருங்கோ, ஒண்டில் சிகரெட்டை விடுங்கோ, இல்லாட்டி ஓட்டத்தை விடுங்கோ. இரண்டும் சேர்ந்தா நெஞ்சு வெடிச்சிடும்."

"விடு விடு எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். ஓடு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

ஒவ்வொரு நாளும் ஓடினார். தாஹிர் சைக்கிளில் பக்கத்தில் வந்து பழைய படப் பாட்டுகளைப் பிழைபிழையாகப் பாடுவான். அவனை நிறுத்தச் சொல்லக்கூட இவருக்கு மூச்சு இராது.

அடுத்த வருசம் கழகம் ஒரு போட்டி வைத்தது. துறைமுக வாசலில் தொடங்கி உப்புவெளிக்குப் போய்த் திரும்ப வேண்டும். யோகலிங்கத்துக்கு நெஞ்சில் குத்தும் இலக்கத்துணி தர மாட்டோம் என்றார் சோமசேகரம்.

"றோட்டு கழகத்தின்ரை இல்லையே சேர்," என்றார் இவர். இலக்கமில்லாமல் எல்லாருக்கும் பின்னால் ஓடினார்.

உப்புவெளியில் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. நெஞ்சுக்குள் அடுப்பு எரிந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஒரு பஸ் மெதுவாகி, கொண்டக்டர் கையை நீட்டினார். ஏறியிருக்கலாம். ஏறவில்லை. இருமல் அடங்க நடந்தார், பிறகு ஓடினார்.

வாசலுக்கு வந்தபோது பரிசு கொடுத்து முடிந்து, பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குணேஸ்வரி மட்டும் செம்பில் தண்ணீரோடு வெயிலில் நின்றாள். யோகலிங்கம் எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் தண்ணீரை வாங்கினார்.

"பாத்தீரே, புகையாலதான் இந்த நிலைமை," என்றார் சோமசேகரம்.

"ஓம் சேர், புகையாலதான். எண்டாலும் வந்து சேர்ந்திட்டன்."

அன்றைக்கு மத்தியானம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அது அவருக்கு இனிக்கவில்லை. அதற்குப் பிறகு ஓட்டத்துக்கு முன் பிடிப்பது நின்றது. பிறகு காலைத் தேத்தண்ணியோடு பிடிப்பதும் நின்றது. ஒருநாள் சட்டை துவைத்த குணேஸ்வரி, பையில் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். "பெரிசாக் கதைக்காதை. நாளைக்கே திருப்பி வாங்கினாலும் வாங்குவன்," என்றார். வாங்கவில்லை.

செய்தி சோமசேகரத்தின் காதுக்கு எட்டியது. கழகத்தின் ஆண்டு விழாவில், "எங்கள் புத்திமதியைக் கேட்டுத் திருந்தியவர்," என்று சொல்லி யோகலிங்கத்தை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல் எழுந்தது. யோகலிங்கம் போய் மைக்கைப் பிடித்தார்.

"நான் திருந்தேல்லை. சேர் சொல்லி விடவும் இல்லை. விட்டிட்டு வா எண்டுதான் என்னைக் கலைச்சவர். விட்டிட்டுத்தான் ஓடுறதெண்டு இருந்திருந்தா நான் இண்டைக்கும் ஓடியிருக்க மாட்டன். சிகரெட்டோடதான் ஓடினனான். ஓட ஓட அது தன்ரபாட்டில போயிட்டுது."

சோமசேகரம் மைக்குக்குக் கையை நீட்டினார். யோகலிங்கம் கொடுக்கவில்லை.

"இஞ்ச புகைக்கிறவை கனபேர் இருக்கிறியள். நாளைக்கு விடிய டச்சுக்குடாவுக்கு வாங்கோ. ஒண்டையும் விடவேண்டாம், பெட்டியையும் கொண்டு வாங்கோ. என்னோட ஓடுங்கோ, அது காணும்."

விடிந்தபோது கரையில் ஐந்தாறு பேர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். சாரத்தை மடித்துக்கட்டிய ஒரு கிறேன் சாரதியின் கையில் சிகரெட் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"அவசரமில்லை, பிடிச்சு முடிச்சிட்டு வாரும்," என்றார் யோகலிங்கம். "நாங்கள் நிக்கிறம்."